தண்ணீர் சூடேறும்வரை

2 ஆகஸ்ட், சனி

பாப்பாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு சொல் இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, காத்திருங்கள் என்கிறார் சுங்கைப் பட்டாணி டாக்டர். எவ்வளவு காலம்?

அவள் அப்பா குணாவுக்கோ கவனமெல்லாம் அந்தக் கார்மேல். தோட்டத்துத் துரை பங்களாவில் கிடந்த நூறு வயதுக் கிழம். ஓட வைத்துவிட்டார். இன்று எல்லாரும் அதில் குருண் டவுனுக்குப் பசியாறக் கிளம்பினோம். முனியாண்டி கோயில் மேட்டில் இருமி இருமி நின்றுவிட்டது. போன வாரமும் அதே இடம்.

“முனி கேக்குதுடா. சும்மா போவ முடியுமா?” என்றார் மாமியார்.

குணா இறங்கிச் சுருட்டு கொளுத்தி வைத்துக் கும்பிட்டார். பாப்பா கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். குணா காருக்கு முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

5 ஆகஸ்ட்

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தது வீண்போகவில்லை. இந்தக் காரில் தண்ணீர் பம்ப் இல்லை, சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டும் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் ஆறி, கீழே இறங்கவேண்டும். இவர் பெரிய விசிறி வேறு மாட்டியிருக்கிறார். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டுவதே இல்லை. இஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் ஆவியாகாது, மேட்டில் திணறும். இவர் கும்பிடுகிற நேரத்தில், நின்ற இஞ்சினின் சூடு உள்ளே பரவுகிறது. மறுபடி பிடிப்பது அதனால்தான். முனியால் இல்லை.

சொன்னேன். சிரித்தார். “நம்ம ஊரு வெயில்ல காடிக்குக் குளிருதாம்லா. தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போடுறவங்க நாம.”

உண்மைதான். அவருடைய இன்னொரு காரிலும் கழற்றித்தான் வைத்திருக்கிறார்.

8 ஆகஸ்ட்

விசிறியின் வயரைப் பிடுங்கினேன். ரேடியேட்டருக்கு முன்னால் பாதி மறைய அட்டை கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

9 ஆகஸ்ட், சனி

ரேடியேட்டர் மூடிமேல் இருக்கும் வெப்பமானியில் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது. மேட்டில் கார் திணறவே இல்லை. கோயிலைத் தாண்டிவிட்டோம். எனக்கு ஒரே பெருமை.

அப்போது பாப்பா பேசினாள். அவ்வளவு தெளிவாக.

“தாத்தா இன்னும் ஏறல.”

எந்தத் தாத்தா என்று கேட்டேன். பின்னால் கைகாட்டினாள். ரோட்டில் ஒருவரும் இல்லை. மாமியார் சந்தோஷத்தில் அழுதார். நான் எதுக்கு அழுதேன்னு தெரியல.

17 ஆகஸ்ட்

அதோடு சரி. மறுபடி ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறா. நானே கெடுத்துட்டேனா? அட்டைதானே கட்டினேன் — வேற என்ன செஞ்சேன்?

23 ஆகஸ்ட், சனி

இன்று நான் ஓட்டினேன். தண்ணீர் நல்ல சூடு. இஞ்சின் ஒரே சீராக ஓடியது. நிற்க ஒரு காரணமும் இல்லை. கோயிலுக்கு எதிரே நிறுத்தினேன்.

மறுபடியும் மக்கர் பண்ணுகிறதா என்று குணா கேட்டார். இல்லை என்றேன். இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பாப்பா நகர்ந்து இடம் விட்டாள். கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள்.

“போலாம்மா.”

யார் விரலும் மாட்டிக்கொள்ளாதபடி, கதவை மெதுவாகச் சாத்தினேன்.