பிரிட்ஜுக்குள் அரிசி

ஜூலை 12, சனி

எழும்பியதும் முதல் வேலை: பிரிட்ஜைத் திறந்து இரண்டு சுண்டு அரிசி அளந்து எடுத்தேன்.

மேல் தட்டில் அரிசி. நடுவில் பருப்பு, சீனி, மா. கீழ்ப் பெட்டியில் வெங்காயமும் செத்தல் மிளகாயும். ஐஸ் அறையில் காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், என் பட்டச் சான்றிதழ். கதவு றப்பர் இறுக்கமானது. எறும்போ எலியோ நுழையாது. இந்த வீட்டில் இதைவிட நல்ல அலுமாரி இல்லை. பிளக்கைக் கழற்றிப் பதினாலு மாதம்.

கச்சான் காற்று மூன்றாம் நாள். கிணற்றடி வாழை இலை எல்லாம் கிழிந்து தொங்குகிறது.

இது சென்ற ஆண்டு டயறி. நான் எழுதுவினைஞராய் இருக்கும் கந்தோரில் கழித்து விட்டது, முக்கால்வாசி வெறும் பக்கம். வெள்ளி என்று அச்சடித்ததை வெட்டிச் சனி என்று எழுதினால் சரி.

மீற்றர் பார்ப்பவர் வந்தார். நேற்று எங்கள் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு, அதனால் விட்டுப்போன வீடுகளுக்கு இன்று.

"என்ன மிஸ், வீட்டில ஆக்கள் இருக்கிறியளோ, இல்லாட்டிப் பேயோ?"

"ஏன்?"

"கோயில் மடத்திலயும் இதைவிடக் கூட ஓடும். உள்ளுக்க இவ்வளவு பெரிய பிரிட்ஜ் நிக்குது, மீற்றர் நித்திரை கொள்ளுது."

"பிரிட்ஜும் நித்திரைதான்."

சிரித்தார். "கட்டார் காசு வாற வீடே இப்பிடியெண்டா, எங்கட பாடு என்ன?"

கட்டார் காசு. இவர், என் கணவர், போய் நாலு வருடம். இனி இவரை இ. என்றே எழுதுவேன். அங்கே ஒரு கம்பனியில் கிறேன் மெக்கானிக். முன்பு இங்கே துறைமுகத்தில் அதே வேலைதான், சண்டையோடு கப்பல் குறைய வேலையும் குறைந்தது. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, வந்துவிடுவதா? இருபதாம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பனிக்குச் சொல்ல வேண்டுமாம். வெள்ளி ஐந்து மணிக்குச் சந்திக் கொமினிகேசன் கடைக்குத் தொலைபேசி எடுப்பார். கடிதத்தில் ஒரே வரி: "நீர் சொல்லும்படி செய்வேன்."

எனக்கு ஆறு நாள்.


ஜூலை 13, ஞாயிறு

காற்று. மணல். பகல் முழுக்க யன்னல் சாத்தியபடி.

மீன் சந்தைக்குப் பத்தரைக்குப் போனேன். ஏழு மணிக்குப் போகிறவர்களுக்குப் பாரை மீன், பத்தரைக்குப் போகிறவர்களுக்குச் சூடை. கடலில் கடற்படை விடும் நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பெரிய மீன் எப்படியும் குறைவு. இறக்கக்கண்டி ஊர் மீன்காரர் கடைசிக் கூறை அள்ளிப் போட்டார். "எடுங்கோ பிள்ளை, திரும்பச் சுமக்க ஏலாது." பாதியைக் குழம்பு வைத்தேன். பாதியை உப்புப் போட்டு ஓட்டில் காய வைத்தேன். கச்சான் காற்றில் ஒரே நாளில் கருவாடு. காற்றுக்கும் ஒரு பயன்.

பிரிட்ஜை மின்கட்டணத்துக்காக முதலே நிறுத்தியாயிற்று. மூன்று மாதமாக வீட்டில் நடக்கும் மற்றவை, மறக்கு முன்:

சோறு ஒரு கொதி வந்ததும் இறக்கி, பானையைச் சாக்கால் சுற்றி மூலையில் வைப்பது. முக்கால் மணியில் தானே வெந்துவிடும். விறகு பாதி.

தேங்காய் நாளுக்குப் பாதி. மற்றப் பாதிக்கு உப்புப் பூசிக் கவிழ்த்து வைத்தால் மறுநாளும் கெடாது. கண் உள்ள பாதியை இரண்டாம் நாளுக்கு வைக்க வேண்டும், அதுதான் தாங்கும்.

மாலையில் ஒரே மேசை, ஒரே பல்ப். மகள் சுபா படிப்பாள், நான் கந்தோர் வேலை, தையல், இது.

பழைய பாண்: தண்ணீர் தெளித்து, மூடிய சட்டியில் சூடாக்கினால் புதுப் பாண். (சு.: "புதுப் பாண் எண்டு நீங்கள்தான் சொல்லுறியள்.")

சிரட்டைக் கரியில் இஸ்திரி, கிழமைக்கு ஒரு தரம்.

இதெல்லாம் ஏன் என்று சு.வுக்குச் சொல்லவில்லை. இ. அனுப்புவதைத் தொடாமல் என் எழுதுவினைஞர் சம்பளத்தில் மட்டும் இந்த வீடு ஓடுமா என்று பார்க்கிறேன். ஓடினால் அவரை வரச் சொல்லலாம். ஓடுகிறது. தட்டுத்தடுமாறி, ஆனால் ஓடுகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை என்ன சொல்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பரமேஸ் அக்கா. முருங்கை இலை பிடுங்கக் கேட்டேன்.

"மரத்தையே கொண்டு போ. உன்ர மனுசன் வாறாராமே?"

"இன்னும் தெரியாது அக்கா."

"அங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பார்த்தனிதானே, எங்கட ஆளை விடியக் கூட்டிக்கொண்டு போனவங்கள், மத்தியானம்தான் விட்டவங்கள். அம்மாளே எண்டு மைதானத்தில வெயிலுக்க இருந்திட்டு வந்திருக்கிறார். உன்ர வீட்டில பிடிக்க ஆளில்லை. நீ நிம்மதியாய்ப் படுக்கிறாய்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் பிரச்சினை.


ஜூலை 15, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இரண்டு மணித்தியாலம் சோதனைச் சாவடியில், பஸ் வரிசை. வீடு வந்து படுத்துவிட்டேன்.

இன்று நடந்தே போய் வந்தேன். பஸ் காசும் மிச்சம், வரிசையும் மிச்சம். செருப்பு தேயும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சு.வோடு சண்டை. கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்து ஒரு கொப்பியாக்கிக் கொடுத்தேன். நாலு விதக் கோடு.

"இதைக் கொண்டு போனா கிளாசில சிரிப்பாளவை."

"சிரிச்சாத் தாள் கிழியுமே?"

"அம்மா, உங்களுக்குக் கஞ்சத்தனத்தில டிகிரி தந்தவங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் கோபம். பதினாறு வயது. கொப்பியைக் கொண்டுதான் போனாள்.


ஜூலை 16, புதன்

எதிர்பாராமல் சலீம் தம்பி வந்தார். கிண்ணியாக்காரர், இ.யோடு ஒரே அறையில் இருப்பவர், அதே கம்பனியில் டிறைவர். லீவில் வந்து மூன்று நாளாம். துறை கடந்து, கடைசிப் படகுக்கு முன் திரும்ப வேண்டும் என்று அவசரம். கையில் ஒரு பார்சல்.

கதிரையில் இருந்ததும் துவாயால் முகத்தைத் துடைத்தார். "ஊரும் அங்க மாதிரித்தான் வேகுது அக்கா. எனக்கு ஒண்ணும் வேணாம். உங்கட வீட்டு ஐஸ் தண்ணி ஒரு கிளாஸ் தாங்க. ரெண்டு வருசமாக் கேட்டுக் கேட்டு நாக்கு ஊறிப் போச்சு."

நான் குசினிக்குப் போய் மண்குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தேன். "கரண்ட் நிண்டு போச்சு தம்பி" என்றேன்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் மேலே பார்க்கவில்லை. நல்ல மனிதன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மண்குடத்துத் தண்ணிதான் உடம்புக்கு நல்லம்" என்றார். சு. சுவரோடு நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள செய்த ஜெலிதானே அண்ணன்ட பேச்சு. பிரிட்ஜில வச்சு, சிவப்பு ஜெலி! கடிதத்தை எங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினாரு."

நான் சு.வைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

பார்சலில்: பால்மா இரண்டு பெட்டி, சு.வுக்குச் சட்டைத் துணி, சவர்க்காரம் முப்பத்தொன்று. கம்பனி ஆளுக்குக் கிழமைக்கு ஒன்று கொடுக்குமாம், அதைச் சேர்த்தது. அப்படியென்றால் இவர் எதைப் போட்டுக் குளிக்கிறார்?

"மற்ற ஆக்கள் வீசுற துண்டுகளைச் சேர்த்து, சொக்ஸுக்குள்ள போட்டு அதாலதான்" என்று சலீம் சிரித்தார். நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன். பழைய சொக்ஸ், துண்டுச் சவர்க்காரம். ஒருவருக்கொருவர் சொல்லவே இல்லை.

படலையடியில் நின்று, சு. கேட்காத மாதிரி மெல்லச் சொன்னார்.

"அக்கா, அண்ணன் சொல்ல வேணாமெண்டவரு. போன மாசம் கிறேன் மேல ஏறி நிக்கக்குள்ள கண் இருட்டி விழுந்திட்டாரு. பெல்ட் போட்டிருந்ததால தப்பினாரு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. இந்த வயசில அந்த வெயில் ஏலாது அக்கா. சொன்னாக் கேக்கிறாரில்ல. 'எனக்கு இங்க சுட்டாச் சுடட்டும், வீட்டில புள்ளையும் அவவும் ஐஸ் தண்ணி குடிக்குதுகள்' எண்டுவாரு."

போய் வாருங்கள் என்று சொன்னேனா என்று கூட நினைவில்லை.

அவர் நாங்கள் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதாக நினைத்து வெயிலில் நிற்கிறார். நாங்கள் அவர் வருவதற்காக அந்தத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் சிக்கனம்.


ஜூலை 17, வியாழன்

கந்தோரில் ஒரு கடிதத்தை மூன்று தரம் பிழையாக அடித்தேன். தாள் மூன்று வீண். பின்பக்கம் உதவும், கொண்டு வந்தேன்.

சு. அழுதாள். "அப்பா சந்தோசப்படுவார் எண்டு எழுதினனான். ஒருநாளும் செய்யேல்லை எண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை."

திட்டவில்லை. என் கடிதங்களிலும், "பிரிட்ஜ் நன்றாக இருக்கிறது." பொய் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு சொன்னாள்: "அம்மா, இண்டைக்கு மட்டும் பிளக்கைப் போடுவம். நாளைக்கு அப்பா கேட்டாப் பொய் இல்லாமச் சொல்லலாம்."

பொய் சொல்லாமல் இருக்க இப்படி ஒரு வழி! ஆனாலும் போட்டோம். அரிசியைப் பேசினில் கொட்டி, பருப்பையும் சீனியையும் மேசையில் அடுக்கி, உறுதியைத் தலையணைக்குக் கீழே வைத்து. ஒரு உதறல் உதறியது. உள்ளே விளக்கு எரிந்தது. சு. கை தட்டினாள்.

நாலு மணித்தியாலத்தில் தண்ணீர் குளிர்ந்தது. ஆளுக்கொரு கிளாஸ். பல் கூசியது. வெங்காய மணம்.

"அப்பா நினைச்சு நினைச்சுக் குடிக்கிற தண்ணி இதுதானோ?" என்றாள் சு. இருவரும் சிரித்து, எனக்குப் புரைக்கேறிவிட்டது.

பிரிட்ஜின் பக்கத்தில் ஒரு நெளிவு. இரண்டு வருடத்துக்கு முன் இ. லீவில் வந்தபோது கொழும்பில் வாங்கி, லொறியில் அதோடு தானும் இருந்து கொண்டு வந்தார். ஒவ்வொரு சாவடியிலும் இறக்கு, திற, ஏற்று. ஒரு சாவடியில் கம்பியால் தட்டிப் பார்த்தார்கள். அந்த நெளிவைத் தடவிவிட்டு, "வெளியிலதானே, உள்ளுக்க ஒண்டுமில்லை" என்றார்.

அந்த லீவின் பதினோராம் நாள் சுற்றிவளைப்பு. ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்கும் முகமூடி போட்டவன் இவரைப் பார்த்துத் தலையாட்டினான். பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள். நான் சோற்றுப் பார்சலோடு வாசலில். விட்டதும் வெளியே வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கரண்ட் போய்ப் போய் வந்ததே? பிரிட்ஜை நிப்பாட்டினனீரோ? மோட்டர் எரிஞ்சிடும்." கீழுதடு வெடித்திருந்தது. லீவு முடிய முன்பே திரும்பிப் போனார். நான்தான் போகச் சொன்னேன்.

எழுதிவிட வேண்டியது: மூன்று மாதமாகச் சோற்றுப் பானைக்குச் சாக்குச் சுற்றியது காசுக்காக என்று நினைத்தேன். என் சம்பளத்தில் வீடு ஓடாவிட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்திருக்கிறேன். ஓடாவிட்டால், "காசு போதாது, இருங்கோ" என்று சொல்லிவிடலாம். பயம் என்று சொல்லத் தேவையில்லை. ஓடிவிட்டது. இப்போது ஒளிய இடமில்லை.


ஜூலை 18, வெள்ளி

கந்தோரில் அரை நாள் லீவு. காற்று விழுந்துவிட்டது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கூவியது, நெடுநாளைக்குப் பிறகு.

மதியம் பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்குத்தானே கோல் வாறது? கையெழுத்துப் போடச் சொல்லு. ரெண்டு வருசம் கண்மூடித் திறக்கப் போயிடும்" என்றார். "ஓம் அக்கா" என்றேன். அந்த "ஓம்" எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பாதுகாப்பு என்று நான் அனுப்பிய இடத்தில் அவர் பெல்ட்டில் தொங்கியிருக்கிறார். இங்கே பிடித்தால் நான் வாசலிலாவது நிற்கலாம். போனமுறை நின்றேன். திரும்பவும் நிற்பேன். அங்கே விழுந்தால் யார் நிற்பது? சலீம் தம்பி ஒருவர்தான். அவரும் லீவில் என்றால் அதுவும் இல்லை.

கொமினிகேசனில் ஆறு நிமிடத்துக்கு மேல் விடமாட்டார்கள், பின்னால் ஆட்கள். முதலில் பிரிட்ஜின் கதை: பதினாலு மாதம், அரிசி, உறுதி, வெங்காய மணம், எல்லாம். கோபிப்பார், கோபிக்கட்டும். அதைச் சொன்னால்தான் அடுத்தது நம்புவார். அடுத்தது: கையெழுத்துப் போட வேண்டாம், வாருங்கள். கிறேனில் விழுந்தது தெரியும் என்று சொல்வதா இல்லையா? நேரம் மிஞ்சினால்.

சு. கூட வருகிறாள். "ஜெலி கதையை நானே சொல்லுறன்" என்று சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லப்போவது அவளுக்கும் தெரியாது.

நாலு இருபது. பிளக்கைக் கழற்றி, உள்ளே ஈரம் துடைத்து, அரிசியைத் திரும்ப வைத்துவிட்டேன். மேல் தட்டில் இன்னும் இடம் இருக்கிறது. மூன்று பேருக்கு நாளுக்கு மூன்று சுண்டு.