புதன்கிழமைச் சவுரி

ஜனவரி 6, சனி

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நீண்ட ஆலோசனைக்குப் பின், நெற்றியில் விழும்படி முடி வெட்டிக்கொள்வது என்று தீர்மானித்தேன். லம்பாங் நகரம் வழக்கம்போல் இயங்கியது. கணவர் விஸூத்திடம் முறைப்படி அறிவித்தேன். நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். அளக்காமல் எதற்கும் பதில் சொல்லமாட்டார். "எது வரைக்கும்?" என்றார். புருவம் வரை என்றேன். தலையசைத்துவிட்டு ஒட்டரிசிச் சோற்றை உருட்டினார்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் டெங்கு வந்தது. போகும்போது என் முடியில் பாதியைக் கூட்டிக்கொண்டு போனது. வகிடு இப்போது இருவழிச் சாலை. இந்த மாதக் கடைசியில் சியாங் மாயில் ஃபாய்க்குப் பட்டமளிப்பு. என் மகள் கால்நடை மருத்துவராகிறாள். அன்று எடுக்கும் படம் முன் அறைச் சுவரில் எங்கள் ஆயுள் முழுக்கத் தொங்கும். போன மாதம் அவளிடம், நான் வேலை பார்க்கும் நூலகத்தில் மேலதிகாரிகளின் ஆய்வு இருக்கிறது, வரமுடியாது என்று பொய் சொன்னேன். "சரிம்மா" என்றாள். திட்டியிருக்கலாம்.

போவது என்றும் தீர்மானித்திருக்கிறேன். அவளிடம் சொல்லாமல். முடி சரியாக வந்தால்.

ஜனவரி 7, ஞாயிறு

தௌ அக்காவின் முடி வெட்டும் கடைக்குப் போனேன். தௌ என்றால் எங்கள் மொழியில் ஆமை. சிறு வயதில் வைத்த செல்லப்பெயர். தொழிலில் அந்தப் பெயருக்கு அவர் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்: உச்சியில் குட்டை, கீழே போகப்போக நீளம், எல்லா நுனியும் பிய்ந்தாற்போல. இப்போது எல்லாப் பெண்களும் கேட்பது.

"ஏண்டி நுய், நாப்பத்தொம்பது வயசுல காசு குடுத்துப் பரட்டைத்தலை ஆகணுமா?"

"ஆமாக்கா."

"இதுக்கு முதல்ல முடி வேணுமேடி. உன் தலையில அடுக்கு வெட்டினா அடியில எலிவால்தான் மிஞ்சும்."

பக்கத்து நாற்காலியில் முடியைக் காயவைத்துக்கொண்டிருந்த லமாய், எங்கள் தெருவில் வறுத்த அரிசிப் பணியாரம் விற்பவள், "எலிக்காவது வால் இருக்கு" என்றாள்.

அக்கா அவளைச் சட்டை செய்யவில்லை. சவுரிதான் வழி என்றார். பட்டை பட்டையாக ஒட்டி அடியில் கனம் ஏற்றிவிட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டும். "எது உன்னுது, எது கடையோடதுன்னு உனக்கே தெரியக் கூடாது."

பிறகு வகிட்டைப் பிரித்துப் பார்த்தார். செப்டம்பருக்குப் பிறகு அங்கே வேறு விரல் பட்டதில்லை. அக்கா எழுந்துபோய், என் பக்கம் வீசிய மின்விசிறியைத் திருப்பி வைத்தார். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், "காத்து ஜாஸ்தியா இருந்துச்சு" என்றேன். "ஆமா" என்றார்.

ஜனவரி 13, சனி

சவுரி வந்தது. கறுப்பு கேட்டோம், காப்பி நிறம் அனுப்பியிருக்கிறார்கள். திருப்பி அனுப்புமுன் என் முடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதும் காப்பி நிறம்தான். இத்தனை நாளும் கறுப்பு என்றே நம்பி வாழ்ந்திருக்கிறேன்.

ஜனவரி 23, செவ்வாய்

ஒட்டியாயிற்று. என் முடியை மெல்லிய கீற்றாக எடுத்து, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. நெற்றிப்பொட்டுப் பக்கம் மட்டும் ஒட்ட மறுத்துவிட்டார்: "அங்க இழுவை தாங்காது, உள்ளதும் போயிடும்." காலையில் உட்கார்ந்தவள் பொழுது சாய எழுந்தேன். முழங்கை வரை தொங்கும் திரைச்சீலை. வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு; வியாழன் வெட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

வீட்டில் விஸூத் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நுய், வெள்ளிக்கிழமை கலைப்பிரிவுக்காம். கால்நடைக்கு வியாழக்கிழமையாம்."

"நீங்கதானே பாத்துச் சொன்னீங்க?"

"ஒரு வரி கீழ பாத்துட்டேன்."

முப்பது ஆண்டுகளாக ஒருவருடைய வேலி அடுத்தவர் மண்ணில் ஒரு விரற்கடை ஏறவிடாத மனிதர்.

வியாழன் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஆக, வெட்டுவதற்கு மிச்சமிருப்பது நாளை. நாளை புதன். புதனன்று முடி வெட்டினால் ஆகாது. இந்த ஊரில் ஒரு கடையும் திறக்காது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மகளின் பட்டமளிப்புக்கு முதல் நாளில் அதைச் சோதித்துப் பார்க்கிற துணிவும் கிடையாது. இந்தத் திரைச்சீலையோடு எப்படிப் போவேன்? பேயென்று நினைத்துப் பிள்ளைகள் ஓடும்.

போகவேண்டாமோ? நூலகத்தில் ஆய்வு என்பது நிலுவையில் இருக்கிறதே.

ஜனவரி 24, புதன்

இரும்புக் கதவைத் தட்டினேன். தௌ அக்கா பாதி திறந்து, என் முகத்தைப் பார்த்து, மீதியும் திறந்தார்.

"முடியாதுடி. உங்கம்மா கேட்டாலும் வெட்டமாட்டேன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"தெரியும்கா. சும்மா உக்காந்துட்டுப் போறேன்."

உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதத் தேவையில்லை. பணியாரக் கூடையோடு லமாய் எட்டிப் பார்த்தாள். விவரம் கேட்டாள். ஒரு பணியாரத்தைக் கடித்தபடி யோசித்தாள்.

"ஏன்கா, வெட்டக் கூடாதுங்கறது அவ முடியைத்தானே?"

"ஆமா."

"கீழ தொங்கறது அவ முடியா? வாங்கின முடிக்கு என்ன கிழமை? அது மொளைச்ச தலைக்காரிக்கு என்னிக்கோ வெட்டியாச்சு."

நான் படித்த சட்ட நூல்களில் இவ்வளவு தெளிவைக் கண்டதில்லை. தௌ அக்கா தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என் முடியையெல்லாம் உச்சியில் தூக்கி கிளிப் போட்டார், ஒரு இழையும் கீழே நழுவாதபடி. சவுரியை மட்டும் கத்தியால் சீவிச் சீவி அடுக்கினார். லமாய் நீதிபதிபோல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது அவளுது! அது அவளுது!" என்று இரண்டு முறை கத்தினாள்.

வெட்டி முடித்ததும் பாடம். நுரையை உள்ளங்கையில் எடுத்து நுனியைக் கசக்கி மேலே தள்ள வேண்டும். தலைகீழாகக் குனிந்து காயவைக்க வேண்டும். சீப்பைத் தொடக் கூடாது.

"கலைஞ்ச மாதிரி இருக்கணும். ஆனா கலையக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. சில அரசு அலுவலகங்கள் இதே முறையில் நடக்கின்றன.

பின்புறமும் பக்கங்களும் படத்தில் இருந்தது போலவே வந்துவிட்டன. உச்சியில் என் சொந்த முடி, பரட்டையின் மேல் போர்த்திய பாய்போல. நெற்றிக்காக முன்னே இழுத்துவிட்ட முடி மூக்குக்கும் கீழே வரை. அதில் வெட்டவேண்டிய இடத்தைச் சிவப்பு நூலால் கட்டி அடையாளம் வைத்தார். கத்தரிக்கோலைத் துண்டில் சுற்றித் தந்தார். "நாளைக்கு விடிஞ்சப்புறம் யாரையாவது விட்டு வெட்டிக்க. உச்சிய வந்து பாத்துக்கலாம்." அவருடைய நல்ல கத்தரிக்கோல். மற்றவர் தொட்டால் கையைத் தட்டிவிடுவார்.

ஜனவரி 25, வியாழன்

புல்வெளி நிறையக் கறுப்பு அங்கிகள், பூங்கொத்துகள். ஃபாய் எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மா? ஆய்வு?"

"முடிஞ்சுது."

"அது என்ன மூஞ்சில, சிவப்பு நூலு?"

கத்தரிக்கோலை எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. நான் பயிற்சி செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. அவள் வகிட்டைப் பிரித்துப் பார்த்தாள், மருத்துவர் பார்ப்பது போல.

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர்."

"நீ வரப் பிடிக்காம சொன்னேன்னு நெனச்சேன்மா."

நான் ஏதோ சொல்லப்போனேன்.

"பேசாத. ஆடாம நில்லு. இதுவரைக்கும் நாய்க்குத்தான் வெட்டியிருக்கேன், அதுங்ககூட இவ்வளவு ஆடாது."

நூல் கட்டிய இடத்தில் வெட்டினாள். விஸூத் குறுக்கே வந்து, இடப்பக்கம் ஒரு விரற்கடை குறைவு என்றார். "நீங்க பேசாதீங்கப்பா, தேதியே ஒழுங்கா பாக்கத் தெரியல" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கொண்டைக்குள் வைத்தாள். உள்ளே சவுரி. "இங்க பாதிப் பேருக்கு வாங்கினதுதான்மா."

படம் எடுத்தவர் எங்களை மூன்று முறை சிரிக்கச் சொன்னார். நான்காவது முறை சொல்லத் தேவைப்படவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தேன். தௌ அக்கா உச்சியை வெட்டினார். நெற்றியைத் தொடவில்லை. "இத யாரு வெட்டினது?" "ஃபாய்." "அப்ப இருக்கட்டும்."

மார்ச் 13, புதன்

முன் அறையில் படம். விஸூத் நீர்மட்டம் வைத்துப் பார்த்து ஆணி அடித்தார். படத்தில் நேராக இல்லாதது என் நெற்றி மட்டும்.

ஒட்டியதைக் கழற்றி மறுபடி ஒட்டும் நாள் நெருங்குகிறது. அடியில் புதுமுடி கிளம்பியிருக்கிறது, பல்துலக்கியின் நார்போல, நெட்டுக்குத்தலாக. ஃபாய் ஞாயிறுதோறும் வந்து வகிட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

மாலை சந்தைக்குப் போகும் வழியில் பார்த்தேன். தௌ அக்கா கடை திறந்திருந்தது. வாசலில் புதுப் பலகை: "புதன்கிழமை: வாங்கிய முடி மட்டும்." உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள், லமாய் பணியாரக் கூடையோடு கண்காணிப்பில் இருந்தாள்.