அடுத்த வருடத்துக்கான பெயர்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அம்மாவிடம் சொல்லாதது: அக்கா அத்தானை விட்டுப் போகப்போகிறாள்.

காலைச் சாப்பாட்டில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். அத்தான் கப்பலின் நீச்சல் குளத்தில். அம்மா உற்சாகமாக ஆரம்பித்தாள். "கப்பல்லயே அடுத்த வருஷத்துக்கும் பதிஞ்சுட்டா நல்ல ரூமா கிடைக்குமாம். மத்தவங்க பேருக்கும் நாமளே போட்டுக்கலாமாம், அவங்க வந்து நிக்கணும்னுகூட இல்ல. நாலு பேருக்கும் போட்டுர்றேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பால்கனி வச்ச ரூம்."

அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். "சரிம்மா."

அம்மா ஆஸ்பத்திரிப் பதிவறையில் முப்பது வருடம் இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றாள். இந்தப் பயணமே அவள் தனக்குக் கொடுத்துக்கொண்ட பரிசு. காகிதத்தில் ஏறாத எதையும் அவள் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கப்பலின் துணி துவைக்கும் அறையில், அக்கா சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். மேல்கையில் நாலு விரல் தடம், பின்பக்கம் ஒரு கட்டைவிரல் தடம். இயந்திரம் சுற்றுகிற சத்தத்தில் அவள் பேசியது பாதிதான் கேட்டது, அதுவே போதும். "இருபதாம் தேதி அவர் வேலை விஷயமா வெளியூர் போறார். அன்னிக்குக் கிளம்பிடுவேன். மருந்தகத்துல வேலை சொல்லி வச்சாச்சு, தங்க இடமும் பாத்தாச்சு. நீ மூச்சு விடக்கூடாதுடி. அம்மாகிட்ட குறிப்பா. நல்லது பண்றேன்னு நேரா அவர்கிட்டயே போய்ப் பேசுவா."

மூச்சு விடவில்லை.

மார்ச் 5, புதன்

அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, படுத்துவிட்டாள். தன் அட்டையைக் கொடுத்து என்னைப் பதிவு மேசைக்கு அனுப்பினாள். "பேரெல்லாம் எழுத்து சுத்தமாப் பாத்து எழுதுடி." படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவள். என்னை நம்புகிறாள்.

மேசையில் இருந்த பெண் படிவத்தைத் தள்ளினாள். முதல் அறை, இருவர். இரண்டாம் அறை, இருவர். அக்காவின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அவர் பெயரை எழுதக் கை வரவில்லை. அடுத்த வருடமும் ஒரே கதவுக்குப் பின்னால் இவர்கள் இருவரும் – அதை என் கையெழுத்தில் நானே எழுத வேண்டுமா? என் பெயரை எழுதினேன். அம்மாவைத் தனி அறையில் போட்டேன்.

"நாலு பேர்னு சொன்னீங்களே மேடம். அவங்க வீட்டுக்காரர்?"

"அவர் வரமாட்டார்."

சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொண்டது. கதைகளில் யாராவது ஒருத்தி இப்படித் துணிந்து ஒன்றைச் செய்வாள். படித்துப் படித்து எனக்கும் அந்தப் பசி. இருபதாம் தேதிக்குப் பிறகு அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை யார் பார்க்கப்போகிறார்கள்?

இப்போது எந்த அறைகளில் தங்கியிருக்கிறீர்கள் என்று மேசைப் பெண் கேட்டாள். எங்கள் அறை எண்ணையும் அக்காவின் அறை எண்ணையும் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

பதிந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உறுதிக் கடிதம் போகும். அவரவர் கதவோரப் பெட்டியில். எங்கள் பெட்டியில் இரண்டு கிடந்தன. மூன்றாவது எங்கே என்று யோசிப்பதற்குள் கால் ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்காவின் கதவோரப் பெட்டி காலியாக இருந்தது.

வேலை பார்க்கும் நூலகத்தில் வாசகர்களுக்கு வாரம் தவறாமல் நினைவூட்டல் கடிதம் அனுப்புகிறவள் நான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கடிதம், ஒரு முகவரி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

மதியச் சாப்பாட்டில் அவர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "என்ன மச்சினி, அடுத்த வருஷம் என்னைக் கழட்டி விட்டுட்டீங்க போல?"

"படிவத்துல தப்பு அத்தான். அவசரத்துல பேரு மாறிடுச்சு."

"அப்படியா? நான் போய்க் கேட்டேனே. அவர் வரமாட்டார்னு நீயே சொன்னதா அந்தப் பொண்ணு சொல்லுது." காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "ஊமைக்கோட்டான்னு நெனச்சேன். பரவால்ல, நல்லாத்தான் பேசறே."

அம்மா நிமிர்ந்தாள். "என்ன மாப்பிள்ளை, என்ன பேரு?"

"ஒண்ணுமில்லை அத்தை. நம்ம ஊமை பேரை மாத்திப் போட்டுடுச்சு. சரி பண்ணிட்டேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்தான்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஒரு முறைகூட.

மார்ச் 7, வெள்ளி

அக்கா சாப்பிட வரவில்லை. தலைவலியாம். அவர் சொன்னார்.

கதவைத் தட்டினேன். ஒரு சாண் திறந்தார். "தூங்கறா." உள்ளே குழாய் ஓடுகிற சத்தம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தப்போ சரியோ. அம்மா கேட்ட முதல் கேள்வி: "உனக்கு எப்பலேருந்து தெரியும்?" அடுத்தது, "நான் மாப்பிள்ளைகிட்ட பேசறேன்."

"வேண்டாம்மா. அம்மா, வேண்டாம்." கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள், கண் சிவந்து. "அழுதாரு. ஒரே ஒரு தடவை கைமீறிப் போச்சாம். இனிமே நடக்காதுன்னு சத்தியம் பண்றாரு. உங்கக்காவும் பக்கத்துலதான் நின்னா, ஒண்ணும் மறுத்துச் சொல்லலியே."

அவர் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வாள்? கேட்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாளோ என்னவோ. நானும் கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

இறங்கும் வரிசை. பெட்டிகளைத் தேடி அவர் முன்னால் போனபோது ஒரு நிமிடம் கிடைத்தது. அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"எதுக்குடி எழுதின?"

"உன் பேரு தனியா இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு."

"நீ பாக்கறதுக்கா?" குரல் உயரவே இல்லை. "எனக்கு இருபதாம் தேதி இருந்துச்சுடி. பன்னெண்டே நாள்தான். சிரிச்சுக்கிட்டே ஓட்டியிருப்பேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கையை ஆட்டினாள், இதோ வர்றேன் என்று.

உதவி செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். என்ன உதவி? அவள் வாயில் வராத வாக்கியத்தை நான் சொல்லிப் பார்த்தேன். சொல்ல நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

அவர் வெளியூர் போகவில்லை. தன் இடத்துக்கு வேறொருவரை அனுப்பிவிட்டாராம்.

ஏப்ரல் 2, புதன்

மருந்தகத்தில் அக்காவுக்கு வேலை சொல்லி வைத்திருந்த அவள் தோழி நூலகத்துக்கே போன் செய்தாள். நேற்று சேர வேண்டியவள் வரவில்லை, போனும் அணைந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள்தான் காத்திருக்க முடியும் என்றாள். மதியம் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்து உட்கார வைத்தார். இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாராம். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தோழி பேசினாள் என்று எப்படிச் சொல்வது? நூலகத்தில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 19, சனி

அம்மா அவளுக்கு போன் போட்டால் அவர்தான் எடுக்கிறார். "குளிக்கறா அத்தை." "கடைக்குப் போயிருக்கா அத்தை." அம்மா இப்போதெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிறாள், எத்தனை மணிக்குக் கூப்பிட்டாள், என்ன பதில் வந்தது என்று. என்னிடம் காட்டுவதில்லை. சமையலறை மேசையில் பார்த்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

புது நோட்டு. ஒரு வருடம் ஓடிவிட்டது.

கப்பல் இன்று காலை பதினொன்றுக்குக் கிளம்பியது. அம்மாவும் நானும் எங்கள் பெயர்களை எடுத்துவிட்டோம். அக்காவும் அவரும் போயிருக்கிறார்கள்.