சின்ன மாத்திரையும் இரண்டு தெருவும்

ஜூன் 12

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பிஸ்கட் பிடுங்கித் தின்ற பெருமையும் இன்று எனக்குக் கிடைத்துவிட்டது. கேட்டு வாங்கியதாகத்தான் எனக்கு நினைவு. அவளோ டீச்சரிடம், "வேன் மாமா பறிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் ஸ்கூல் வேன் ஓட்டிச் சம்பாதித்த மானம் ஒரு கிரீம் பிஸ்கட்டில் போயிற்று. சர்க்கரை இறங்கிவிட்டது, கை நடுங்கியது, சட்டை நனைந்தது. வேறொன்றுமில்லை. சாயங்காலம் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத்தான் மன்னித்தாள்.

ஜூன் 20

மச்சானும் நானும் சர்க்கரை டாக்டரிடம் போனோம். மூன்று மாதச் சராசரி எனக்கு ஆறரை, மச்சானுக்கு ஏழரை. அவர் சாப்பிடுவது புதிதாக வந்த மாத்திரை. அதில் ஒன்றின் விலைக்கு என் சின்ன மாத்திரை ஒரு அட்டையே வரும். டாக்டர் என் தோளில் தட்டினார். கணக்கில் என்றுமே பாஸாகாதவனுக்கு நம்பரில் முதலிடம். சும்மா இருப்பேனா? "காசக் கரைச்சுக் குடிச்சாலும் இந்த நம்பர் வராது மச்சான்" என்று வழியெல்லாம் ஓட்டினேன். மனைவிகூட அண்ணனை விட்டுவிட்டு என் பக்கம் பேசினாள்.

ஜூலை 3

எழுதவா, வேண்டாமா.

சிக்னலில் பச்சை விழுந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது பள்ளி வாசல். வேன் நிற்கிறது, பிள்ளைகள் இறங்குகிறார்கள். நடுவில் இரண்டு தெரு. ஒரு வேகத்தடை, ஒரு லாண்டரிக் கடை, ஒரு திருப்பம் — ஒன்றுமே இல்லை. அழித்த ஸ்லேட்டு மாதிரி. அப்போ யாருதான் ஓட்டினது? வண்டி நிறையப் பிள்ளைங்க...

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அக்கா என் முகத்தைப் பார்த்தார். கடையிலிருந்து டீ வாங்கி வந்தார். பாகு மாதிரி இனித்தது. "மொதல்ல இதக் குடி தம்பி" என்றார்.

ஜூலை 4

காலையில் மாத்திரையைத் தொடவில்லை. பம்பரைக் குனிந்து பார்த்தேன். கீறல் இல்லை.

ஜூலை 5

இன்றும் பார்த்தேன்.

ஜூலை 8

லாண்டரிக்காரர் வேனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வணக்கமா, நில் என்றாரா? இதற்கு முன் தூக்கியிருக்கிறாரா? திருப்பத்து வீட்டு வாசலில் ஒரு பூந்தொட்டி உடைந்து கிடக்கிறது. பூனை தட்டியிருக்கும். பூனைதான்.

வேன் அக்கா முன் சீட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் புகை நாற்றமாம். வழி நெடுகக் கேள்வி: இது என்ன தெரு தம்பி, அடுத்து எந்தப் பிள்ளை, உன் மக என்ன படிக்கிறா? இந்த வழியில் பழகிப் பழகி அலுத்தவருக்கு இன்றைக்குத்தான் தெரு பெயர் தெரிய வேண்டுமாம்.

ஜூலை 11

மச்சானுக்குச் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். மாத்திரையை மாற்றச் சொன்னேன். இவ்வளவு நல்ல நம்பரை எதற்குக் கலைக்க வேண்டும், புதுசு விலை தெரியுமல்லவா என்றார். நடுக்கத்தைச் சொன்னேன். காலைச் சாப்பாடு எப்போது என்று கேட்டார். விடியும்போது மாத்திரை, டிரிப் முடிந்து பிள்ளைகளெல்லாம் வகுப்புக்குப் போன பிறகு சாப்பாடு என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மருந்துச் சீட்டில் "சாப்பாட்டுக்கு முன்" என்றுதானே போட்டிருந்தது! முன் என்றால் எவ்வளவு முன் என்று கேட்கத் தெரியாத மூளைக்குத்தான் அந்த முதலிடம்.

"ஓட்டும்போது வந்திருக்கா?"

"ரெண்டு தெரு ஞாபகமே இல்ல சார்."

சொல்லும்போது அழுகை வந்து தொலைத்தது. அவர் திட்டவில்லை. "உங்க வேலைக்கு அந்த நம்பர் வேணாங்க" என்று மச்சானுடைய மாத்திரையை எழுதினார். அது சர்க்கரையை இப்படி ஒரேயடியாகக் கீழே தள்ளாதாம். தான் சொல்லும்வரை வேனைத் தொடக் கூடாது என்றார். வேன் முதலாளியிடம் முதுகுவலி என்றேன்.

ஜூலை 29

டாக்டர் சரி என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். அக்கா முன் சீட்டில்தான்.

அக்டோபர் 14

ஏழு புள்ளி மூன்று. "காசையும் குடுத்து நம்பரையும் ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்களே" என்றாள் மனைவி. மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மகளுக்குச் சொல்லியிருந்த சைக்கிள் தள்ளிப்போகிறது. "பரவால்லப்பா, நடந்தா எனக்காவது சுகர் வராது" என்கிறாள். அப்பனுக்குத் தப்பாத வாய்.

டாக்டர் மட்டும் அந்த ஏழு புள்ளி மூன்றை வட்டமிட்டு, "இதுதான் உங்களுக்கு நல்ல நம்பர்" என்றார். வீட்டில் இதை எப்படி விளக்க? விளக்கினால் அந்த இரண்டு தெருவையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20

"ஒன் பேச்சு தாங்கல தம்பி, நான் பின்னாடியே போறேன்" என்று அக்கா பழைய இடத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனைத் திருப்பினேன். திருப்பத்து வீட்டில் புதுத் தொட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் அக்கா வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்குகிறார். நான் ஓட்டும்போது தூங்குகிறார்!

சிக்னல் சிவப்பு. விழித்து, "என்ன தம்பி?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா, தூங்குங்க" என்றேன்.

கேட்க நினைத்தது வேறு: அன்னைக்கு ஸ்டியரிங்க யாரு புடிச்சிருந்தா, அக்கா?