செல்லுக்கு ஒரு கிளாம்ப்

டிசம்பர், வியாழன்.

சோலார் பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளக்க நான் செய்து கொடுத்த பெட்டியை நஞ்சன்கூடு தொழிற்சாலையில் திருப்பித் தரப் போவதாகச் சொன்னார்கள். போனேன். காலையிலிருந்து சோதித்த பேனல் எல்லாம் ஃபெயிலாம்.

"டிகிரி இல்லாதவர் செஞ்ச மீட்டர்னு மேலதிகாரிங்க பேசுறாங்க சார்" என்றாள் இன்ஜினியர் பவித்ரா.

மொட்டை மாடியில் காற்றுக்குப் பயந்து பேனலைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். வெயிலை அளக்கும் சின்ன செல் மட்டும் என் ஸ்டாண்டில் சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. செல்லுக்குக் கிடைத்த வெயில் பேனலுக்குக் கிடைக்கவில்லை. அந்த வெயிலுக்கு இந்த மின்சாரம் குறைவு என்றுதானே பெட்டி சொல்லும்? இரண்டையும் ஒரே சாய்வில் வைத்தேன். பாஸ்.

"பேனல் ஃபிரேமிலேயே செல்லை மாட்ட கிளாம்ப் கேட்டேனே சார். நீங்கதான் வேண்டாம்னீங்க."

"அளக்கத் தெரிந்தவனுக்குக் கிளாம்ப் எதற்கு?"

"அப்போ நீங்களே தினமும் வந்து அளந்து குடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை பெட்டி உங்க வீட்டுக்கு வந்துடும்."

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் தவறில்லை. யார் கேட்டாலும் சொல்வேன்.

அலுமினியப் பட்டை ஒரு முழம் கிடக்கிறது. காலையில் வெட்டிக் கிளாம்ப் செய்ய வேண்டும். அவள் கேட்டதற்காக இல்லை. வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அவளைப் பார்க்கத் தேவையில்லை.