சஹரில் விழுங்கிய மாத்திரை

போடிநாயக்கனூர்
14.5.1983

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்மாமில் வெயில் எப்படி? ஏலக்காய் வாங்க வருகிற அரபிகளிடம் மல்லுக்கட்டி உங்கள் தொண்டை கட்டிப்போனதாக எழுதியிருந்தீர்கள். வெந்நீர் குடியுங்கள்.

நீங்கள் அனுப்பிய சின்ன மாத்திரை வந்து சேர்ந்தது. மதுரையில் என் கழுத்துக் கழலையை அறுத்தெடுத்து இரண்டு வருஷமாகிறது. அது முதல் தினமும் தைராய்டுக்குப் பெரிய மாத்திரைதான். ரத்த ரிப்போர்ட்டு நன்றாக இருக்கிறது, ஆள்தான் நன்றாக இல்லை என்று அழுதபோது டாக்டரம்மா ஒருத்தர்தான் நம்பினார். அவர் சேர்த்துக் கொடுத்ததுதான் இந்தச் சின்னது. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காததை நீங்கள் தேடி அனுப்புகிறீர்கள். போன வாரம் போடிமெட்டுக்கு மேலே அத்தாவின் தோட்டத்துக்குப் போனேன். ஜீப்பை விட்டு இறங்கி, மூச்சு வாங்காமல் மேடு ஏறினேன். அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று கேட்க வேண்டும். அடுத்த மாதம் ரமலான். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில்தான் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்கள். நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வைக்கலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டம்மா சொல்கிறார். மாமி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள்
கமர்நிசா


தம்மாம்
1.6.1983

அன்புள்ள கமருக்கு,

நலம். போன வருஷம் நீ நோன்பை விட்டதற்குத் தெருவே பேசியது. அம்மா எனக்கு நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். இந்த வருஷமும் அந்தப் பேச்சு வேண்டாம். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு இரண்டு மாத்திரையையும் போட்டுக்கொள். இரண்டு மணி நேரம் முன்னே பின்னே போனால் மாத்திரை கோபித்துக்கொள்ளாது.

டாக்டரிடம் நோன்பு பற்றி வாயே திறக்காதே. அவர்கள் உடனே விடச் சொல்வார்கள். பெருநாளைக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன். பச்சை உனக்கு, நீலம் அம்மாவுக்கு.

சம்சுதீன்


போடிநாயக்கனூர்
8.7.1983

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஜூன் இருபத்தொன்பதாம் தேதி விடிகாலை நாலரைக்குச் சஹர் சாப்பிட்டு, மாத்திரை விழுங்கி, அந்தக் கையோடு மதுரைக்கு முதல் பஸ்சு ஏறினேன். எட்டரைக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் சின்ன மாத்திரையின் அளவு மிஞ்சிப் போயிருக்கிறதாம். படபடப்பு உண்டா, கை நடுங்குகிறதா, பேதியா என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். ஒன்றும் இல்லை. மாறாக, ஏலக்காய் பொறுக்கும்போது சுளகின் மேலேயே தூங்கி விழுகிறேன். “உன்னப் பாத்தா அப்படித் தெரியலையேம்மா” என்றார். ஆனாலும் எண் எண்தானே. சின்ன மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்.

நீங்கள் சொன்னதற்காக நோன்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாமோ என்று இருக்கிறது. ரிப்போர்ட்டின் நகல் இதோடு இருக்கிறது.

உங்கள்
கமர்நிசா


தம்மாம்
29.7.1983

கமருக்கு,

ரிப்போர்ட்டைப் பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். மலையாளி, விவரமானவர். சிரித்துவிட்டார். குறைவே இல்லை, கூடத்தான் இருக்கிறது, இந்த அம்மாவுக்கு எப்படித் தூக்கம் வரும் என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உனக்கு உடம்பில் ஒன்றுமில்லை கமர். மனசுக்குத்தான் சோம்பல். கூடுதலாக இருக்கும்போது அந்த மாத்திரையை இனி அனுப்புவது பாவம். அனுப்ப மாட்டேன்.

அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். கொஞ்சம் வேலை செய். சரியாகிவிடும்.

சம்சுதீன்


போடிநாயக்கனூர்
20.9.1983

மச்சானுக்கு,

நீங்கள் மாமிக்குத் தனியாக எழுதிய கடிதத்தைக் காய் பொறுக்க வந்த ஆறு பெண்களுக்கும் மாமி வாசித்துக் காட்டினார்கள். “மகராசிக்கு நோவு எதுவுமில்லையாம், எம்புள்ள கண்டுபிடிச்சிட்டான்” என்றார்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

சின்ன மாத்திரை தீர்ந்து ஆறு வாரமாகிறது. இதையும் அந்த மருந்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள், இன்னொரு தடவை சிரிக்கட்டும். ஊரே விசிறிக்கொண்டிருக்கும் வெயிலில் தோட்டத்து ஆட்கள் போடுகிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண் இமை தடித்துத் தொங்குகிறது. சீப்பில் வருகிற முடியைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். கன்னத்தை அழுத்தினால் பிசைந்த மாவைத் தொட்ட மாதிரி இருக்கிறது, எனக்கே என்னைத் தொடப் பிடிக்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்காக நிற்கிறோம் என்று மறந்து நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நம் வீட்டில் காய் பொறுக்குகிற மொக்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நேற்று என் கையைப் பிடித்துப் பார்த்தவள், தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “ஆத்தா, இது சோம்பல் இல்ல. உசுருள்ள கையி இப்படிக் குளுராது. வெரசா ஆசுபத்திரிக்குப் போ.” எட்டு வருஷம் உங்களோடு வாழ்ந்திருக்கிறேன். நான் சோம்பேறியா என்று உங்களுக்குத் தெரியாதா?

மாத்திரையை அனுப்புங்கள். இதற்கு மேல் கெஞ்சத் தெரியவில்லை.

கமர்நிசா


போடிநாயக்கனூர்
25.11.1983

மச்சானுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. அத்தா மலையிலிருந்து இறங்கி வந்து என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். நான் நடந்து வருவதைப் பார்த்ததுமே டாக்டரம்மா எழுந்துவிட்டார். கையில் நாடி பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். பிறகு ஜூன் மாத ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு எத்தனை மணிக்கு மாத்திரை போட்டாய்?

சொன்னேன். சஹர், சாப்பாடு, முதல் பஸ்சு எல்லாம் சொன்னேன். பேனாவை மேஜையில் போட்டுவிட்டார். சின்ன மாத்திரை விழுங்கிய மூன்று நாலு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு இறங்கிவிடுமாம். அந்த உச்சத்தில்தான் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பெரிய மாத்திரையோ, நோன்பு முடிந்த பிறகும் அதே பழக்கத்தில் சாப்பாட்டோடு போட்டுவந்ததால் பாதிகூட உடம்பில் சேர்ந்திருக்காதாம். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கொறச்சே இருக்க மாட்டேனே” என்றார். என்னைத் திட்டவில்லை. அந்த எண்ணைக் கண்டதும் கேட்காமல் விட்டது தன் தப்பு என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

இந்த முறை மாத்திரை போடும் முன்பே ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் அடிமட்டத்தில் இருக்கிறது. பெரியதைக் கொஞ்சம் கூட்டி, சின்னதை மெட்ராசிலிருந்து அவரே வரவழைத்து, காலையும் மாலையும் பாதிப் பாதியாகக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட்டையும் பார்க்க வேண்டும், என்னையும் பார்க்க வேண்டும் என்றார்.

வாய் திறக்காதே என்றது நீங்கள். திறக்காமல் இருந்தது நான். அதை நினைத்தால் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. புது ரிப்போர்ட்டின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். நான் இப்போது ஊருக்குள்ளேயே அத்தா வீட்டில்.

கமர்நிசா


தம்மாம்
18.12.1983

அன்புள்ள கமருக்கு,

புது ரிப்போர்ட்டை அதே கடைக்காரரிடம் காட்டினேன். அவர் பதறிவிட்டார். இவ்வளவு குறைந்தால் ஆள் எழுந்து நடப்பதே அதிசயம் என்றார். இப்போது நம்புகிறேன் கமர். நீ சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்கும் எழுதிவிட்டேன், இனி உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

முதலாளி குடும்ப விசாவுக்குச் சம்மதித்துவிட்டார். நீ இங்கே வந்துவிடு. ஆறு வாரம் முடிந்து அடுத்த ரிப்போர்ட்டு வந்ததும் உடனே அனுப்பு. அதில் எல்லாம் சரியாக இருந்தால் டிக்கெட் போட்டுவிடுகிறேன். சின்ன மாத்திரை ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்
சம்சுதீன்


போடிநாயக்கனூர்
12.1.1984

சம்சுதீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதமும் டப்பாவும் வந்தன. டப்பாவை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன், வேறு யாருக்காவது உதவும். ஆறு வாரம் முடிந்துவிட்டது. ரத்தமும் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டை இதோடு வைக்கவில்லை.

‘இப்போது நம்புகிறேன்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் எனக்கு வந்த அருவருப்பு, என் வீங்கின முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோதுகூட வரவில்லை. ஒரு காகிதம் என்னைப் பொய்க்காரி என்றது, நம்பினீர்கள். இன்னொரு காகிதம் உண்மைக்காரி என்கிறது, அதையும் நம்புகிறீர்கள். நடுவில் என் கையால் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. மூன்றாவது காகிதம் வந்தால் டிக்கெட் போடுவீர்கள். நாலாவது என்ன சொல்லுமோ என்று தம்மாமில் பயந்துகொண்டே குடும்பம் நடத்த என்னால் முடியாது.

போன வெள்ளிக்கிழமை அத்தாவோடு ஜமாத்துக்குப் போய் குலா கேட்டேன். நிக்காஹ்வில் அவர் கொடுத்த மஹரைத் திருப்பித் தருகிறேன், என்னைப் பிரித்துவிடுங்கள் என்று சொல்லியாகிவிட்டது. அங்கிருந்து உங்களுக்கு ஓலை வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

என்ன காரணம் என்று ஹஜ்ரத் கேட்டார். “நான் நோவுன்னு சொன்னா அவரு நம்ப மாட்டேங்குறாரு” என்றேன். அத்தா அவசரமாகப் பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை எடுத்து நீட்டினார். ஹஜ்ரத் அவற்றைக் கையில் வாங்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கமர்நிசா