வாய்ப்பூட்டு

என் செல்லக் கழுதை சிட்டுக்கு,

இங்கே என் குரலைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே நீயும் நலம், உன் சளியும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் வரியைப் படித்ததும் பெட்டியைக் கட்டாதே, கடைசி வரை படி. நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், அம்மா குளிக்கிறாள் என்று அப்பா சொன்னாரே, ஒரு மாதமாக ஒருத்தி குளித்தால் சோப்பு மாதிரி கரைந்துபோயிருக்க மாட்டாளா, அதைக்கூட யோசிக்காமல் சரிப்பா என்று வைத்திருக்கிறாய், உன்னைப் படிக்க வைத்ததே வீண். விஷயம் என்னவென்றால் என் தொண்டையில் மிளகு மாதிரி ஒரு கட்டி இருந்தது. டாக்டரம்மா அதை எடுத்து சோதித்துப் பார்த்து, கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார், அந்தப் பயம் வேண்டாம். ஆனால் புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுவென்றுகூடப் பேசக்கூடாது, குரல் வரும், பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். உனக்குத் தெரிந்தால் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாய், அதனால் சொல்லாதே என்று நான்தான் அப்பாவுக்குச் சைகை காட்டினேன். திட்டுவதானால் என்னைத் திட்டு, இப்போது பதில் பேச மாட்டேன், இதைவிட நல்ல சமயம் உனக்குக் கிடைக்காது.

அப்பா கூத்தைக் கேள். எனக்குப் பேச்சுதான் இல்லை, காது இரண்டும் நன்றாகவே இருக்கிறது. அவரோ என்னோடு சேர்ந்து தானும் வாயை மூடிக்கொண்டு கையை ஆட்டியே பேசினார். குளிக்கும் அறையிலிருந்து தலையை நீட்டி சோப்பு என்று வாயசைத்தால் சீப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி என்ன பயன் சொல். சிரித்தேனே தவிர, உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, எனக்குள்ளே கலக்கமாகத்தான் இருந்தது. வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும் என்று அப்பா காலமெல்லாம் சொல்லுவாரே, அது வேடிக்கை இல்லை, நிஜம்தானே. மார்க்கெட்டில் என்னைவிட நல்ல தக்காளி நாலு பேரிடம் இருக்கிறது, நான் கூவிக் கூப்பிட்டு, வம்பிழுத்து, சிரிக்கவைத்துத்தான் விற்கிறேன். குரல் போனால் நான் யார், ஒரு கூடை தக்காளிக்குப் பின்னால் ஒரு பொம்பளை, அவ்வளவுதானே. வீட்டில் உட்கார்ந்தால் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன்.

போன முதல் நாளே அழுகை வந்தது. ஒருத்தி விலை கேட்டாள், விரலைக் காட்டினேன், வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்திடுமா, என்ன ராங்கி பாரு என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். அவள் சொன்ன அதே வார்த்தையை நான் ஒருத்தரைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா. எதிர்க்கடை பூட்டுக்காரரை ஞாபகம் இருக்கிறதா, பூட்டு ரிப்பேர் பண்ணி சாவி போட்டுக் கொடுப்பாரே, நான் வாய்ப்பூட்டு என்று பேர் வைத்தேனே, அவர்தான். வணக்கம் சொன்னால் பதில் இல்லை, எதையாவது கேட்டால் நம் முகத்தையே முறைத்துப் பார்ப்பார், ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வார். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறாரு, சொந்த வாய்க்குச் சாவி தொலைஞ்சு போச்சு என்று பழக்கடை அக்காவிடம் தினம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

அன்றைக்கு வெங்காய மூட்டை ஏற்றின வண்டி ஒன்று சந்துக்குள் பின்பக்கமாக வந்தது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லை, நேராகப் பூட்டுக்காரர் மேஜையைப் பார்த்து வருகிறது, இவரோ வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டிருக்கிறார். பழக்கடை அக்கா கத்துகிறாள், மூட்டை தூக்குகிறவர்கள் கத்துகிறார்கள், யோவ் எந்திரியா என்று சந்தே அலறுகிறது, அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு வாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. கையில் ஒரு தக்காளி இருந்தது, வீசினேன், அது வண்டியில் பட்டு வழிந்தது. அடுத்ததை எடுத்துக் குறி பார்த்து வீசினேன், அவர் மார்பிலேயே போய் உடைந்தது. நிமிர்ந்தார், வழக்கம்போல முறைத்தார், வண்டி, பின்னால வண்டி என்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். அடுத்த நொடி அரத்தோடு இந்தப் பக்கம் தாவிவிட்டார். மேஜை நொறுங்கியது, ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. எல்லாரும் வண்டிக்காரனைப் பிடித்துச் சத்தம் போட்டார்கள், நான் மட்டும் பூட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தே கத்தியது அவருக்குக் கேட்கவில்லை, சத்தமில்லாத என் பேச்சு எப்படிப் புரிந்தது? அப்போதுதான் உறைத்தது சிட்டு, அந்த மனுஷர் இத்தனை நாளும் யாரையும் முறைக்கவில்லை, பேசுகிறவர்கள் உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சட்டையெல்லாம் தக்காளியோடு என் கடைக்கு வந்தார். காது சுத்தமாப் போயி வருஷமாச்சும்மா, தெரிஞ்சா பூட்டு கொண்டாந்து யாரு குடுப்பா, அதான் சொல்லல என்றார். அதோடு விட்டாரா, அந்தச் சாவி தொலைஞ்ச ஜோக் நல்லாத்தான் இருக்கும், நீங்க அக்கா பக்கம் திரும்பிட்டீங்கன்னா பாதி போயிடும், கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்தே சொல்லுங்க என்றாரே பார்க்கலாம். எனக்கு அந்தக் கூடைக்குள்ளேயே தலையைக் கவிழ்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவருக்குச் சிரிப்பு வேறு, நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி கண் இரண்டும் மூடிக்கொள்கிறது.

புது மேஜை வரும்வரை என் கடை ஓரத்திலேயே அவருக்கு இடம் கொடுத்தேன். நான் வாயசைப்பேன், அவர் உரக்கச் சொல்லுவார். தனக்கே கேட்காததால் அவர் சத்தம் சந்துமுனை வரை போகும். நான் ஆள் பார்த்து வம்பு பண்ணுவதையும் ஒரு எழுத்து விடாமல் அப்படியே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்லுவார், நான் சொன்னபோது சிரித்ததைவிட இதற்கு ஜனம் அதிகமாகச் சிரிக்கிறது. பேசாதவளும் கேட்காதவரும் சேர்ந்து ஒரு கடை நடத்துகிறோம், இதில் உன் அப்பா மத்தியானம் வந்து எங்கள் இருவருக்கும் கையை ஆட்டிக் காட்டுகிறார். சொல்ல மறந்தேன், வாய் போய் இத்தனை நாள் ஆகிறது, எந்த நாயும் என்னைத் தூக்க வரவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடு.

உன் பக்கத்து அறைக்காரி வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வருத்தப்பட்டாயே, இன்னொரு தடவை முன்னால் போய் நின்று சொல்லிப் பார். அதற்காக முறைக்கிறவர்கள் எல்லாருக்கும் காது கேட்காது என்று நினைத்துக்கொள்ளாதே, சிலர் நிஜமாகவே முறைப்பார்கள், அவர்களுக்குத் தக்காளிதான்.

நேற்று டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். பேசிப் பார்த்தேன். பழைய குரல் இல்லை கண்ணு, துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி வருகிறது, இனி இதுதான் என்கிறார் டாக்டரம்மா. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மார்க்கெட்டுக்குப் போய்ப் பூட்டுக்காரர் முன்னால் நின்று, என் குரல் எப்படி இருக்கு என்று கேட்டேன். உதட்டை நன்றாகப் பார்த்துவிட்டு, அப்படியேதாம்மா இருக்கு, ஒரு மாத்தமும் இல்லையே என்றார். நான் சிரித்த சிரிப்பில் பழக்கடை அக்கா பயந்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அவர் சொன்னதுதான் சரி, நான் அப்படியேதான் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே, நோயில்லாமல் நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு என் தங்கமே. ஞாயிற்றுக்கிழமை நானே போன் பண்ணுவேன். கரகரவென்று ஒரு ஆம்பிளைக் குரல் சிட்டு என்று கூப்பிடும், ராங் நம்பர் என்று வைத்துவிடாதே.

இப்படிக்கு,
அந்த ஆம்பிளைக் குரல்,
உன் அம்மா